முகமூடிப் பையன் படமும் எங்கள் ஊர் மோட்டார் ரூமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில், பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்ற வரிசையில், சைபர் பாதுகாப்புப் படிப்பு பற்றி வந்த கட்டுரைக்காக இதை எழுதுகிறேன். அதை நானாகத் தேடிப் படிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் பெண்ணுக்கு கட்-ஆஃப் 191 சொச்சம். அரசுக் கல்லூரியில் இ.சி.இ. கிடைக்க வாய்ப்பிருக்கிறது. “டீச்சருங்க, இ.சி.இ. வேண்டாம், சைபர் செக்யூரிட்டின்னே தனியா ஒரு பி.இ. இருக்குதாமா. பேப்பர்லயே போட்டிருக்காங்க. டொனேஷன் குடுத்தாவது அதுல சேர்த்தறலாமுங்களா?” என்று கேட்டார்.

கட்டுரையின் தலைமாட்டில் ஒரு படம். கறுப்புத் தொப்பிச் சட்டை, முகமூடி, முகத்தில் பச்சை எழுத்துகள் ஓடும் ஒரு பையன். கீழே, எந்தக் கல்லூரியில் என்ன பாடம், சேர்ந்த மூன்றாம் ஆண்டில் எத்தனை லட்சம் சம்பளம் என்று ஒரு பட்டியல். கட்டுரை முழுவதிலும் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் வராத பத்தி இல்லை. மின்சாரம், அலை, மோட்டார், வால்வு ஆகிய நான்கில் ஒன்றுகூட ஓரிடத்திலும் இல்லை.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் துறைப் பேராசிரியையாக இருக்கிறேன். வயர்லெஸ் இணைப்புகளின் பாதுகாப்பும், கம்ப்யூட்டரால் இயக்கப்படும் பம்ப், மின்கட்டமைப்பு, வாகனம் போன்றவற்றின் பாதுகாப்பும்தான் என் ஆராய்ச்சி. பின்னதை ‘சைபர்-பிசிகல் சிஸ்டம்’ என்பார்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இருந்த ஹெலன் கில் 2006 வாக்கில் உருவாக்கிய சொல். அதற்கு நல்ல தமிழ்ச்சொல் ஒன்று கண்டுபிடிக்க இருபது வருடமாக முயல்கிறேன். பிடிபடவில்லை. வகுப்பில் ‘கை கால் முளைத்த கம்ப்யூட்டர்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

அப்பா மின்வாரியத்தில் ஒயர்மேன். டூட்டி முடிந்த பிறகு சுற்றுவட்டாரத் தோப்புகளில் மோட்டார் பார்க்கப் போவார். சனி, ஞாயிறுகளில் சைக்கிள் கேரியரில் நானும் போவேன். மோட்டார் ரூம் கதவைத் திறப்பதற்கு முன்பே வெளியே நின்று கொஞ்ச நேரம் கேட்பார். “பேரிங் போயிருச்சு கண்ணு” என்பார். திறந்து பார்த்தால் போயிருக்கும். இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் மீட்டரை நம்பமாட்டார். கரன்ட்டை அளக்கும் தன் டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டிக்கொண்டு, என்னை டெலிவரி வால்வை அரைச் சுற்று மூடித் திறக்கச் சொல்வார். வால்வை மூடினால் ஆம்ப்ஸ் இறங்க வேண்டும், திறந்தால் ஏற வேண்டும். பெட்டியில் இருக்கும் முள் அசையாமல் நின்றால், “இது பொய் சொல்லுது” என்று அதைக் கழற்றிவிடுவார். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் ஆஸ்திரேலியாவின் மருச்சி கதையைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கடற்கரையோரம் இருக்கும் பகுதி அது. அங்கே 142 கழிவுநீர் உந்து நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கம்ப்யூட்டர், ஒரு ரேடியோ. எல்லாம் ரேடியோ வழியாகவே மையத்தோடு பேசிக்கொள்ளும். 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த அமைப்புக்குப் பேய் பிடித்தது. ஓட வேண்டிய பம்ப் ஓடவில்லை. அலாரம் அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கவில்லை. நிலையங்களுக்கும் மையத்துக்கும் தொடர்பு அறுந்து அறுந்து போனது. புதிதாகப் போட்ட அமைப்பு, ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியும் பார்த்தார்கள்.

கோளாறைத் தேடப் போட்ட பொறியாளருக்கு ஒரு கட்டத்தில், இது இயந்திரக் கோளாறு இல்லை, யாரோ மனிதர் வேலை என்று தோன்றியது. தப்பான செய்திகள் பெரும்பாலும் 14-ஆம் எண் நிலையத்திலிருந்து வருவதுபோல் தெரிந்தன. அவர் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கவில்லை, 14-ஆம் எண் நிலையத்துக்கு நேரில் போனார். பம்பையும் பெட்டியையும் சோதித்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கும்: அந்த நிலையத்தின் எண்ணை 14-லிருந்து 3 ஆக மாற்றினார். அவ்வளவுதான். இனி உண்மையான நிலையம் பேசினால் ‘நான் 3’ என்று சொல்லும். ‘நான் 14’ என்று ஒரு குரல் வந்தால் அது திருடன். வந்தது. 2000 மார்ச் 16 அன்று ‘நான் 14’ என்று சொல்லிக்கொண்டு ஒரு குரல் அமைப்பைக் குலைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தடுத்ததும், அது வேறு எண்ணுக்கு மாறிக்கொண்டது.

ஏப்ரல் 23 இரவு காவல்துறை ஒரு காரை நிறுத்தியபோது உள்ளே மடிக்கணினி, ரேடியோ, உந்து நிலையங்களில் இருக்கும் அதே வகைக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று ஆகிய மூன்றும் இருந்தன. ஆள், அந்த அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர். பிறகு உள்ளாட்சி மன்றத்தில் வேலை கேட்டு, கிடைக்காமல் போனவர். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஆறுகளிலும் ஒரு ஓட்டல் வளாகத்திலும் ஓடியது. ஓடை நீர் கறுத்து, மீன்கள் செத்தன. அவருக்கு இரண்டு ஆண்டு சிறை.

இந்தக் கதையில் கடவுச்சொல் உடைப்பு எதுவும் இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ரேடியோவில் யார் ‘நான் 14’ என்று சொன்னாலும் அமைப்பு நம்பியது. பூட்டே இல்லாத கதவு. அந்தத் திருட்டைக் கண்டுபிடித்தவருக்கோ பம்ப் எப்படி ஓடும், ரேடியோ எப்படிப் பேசும், நிரல் எப்படி எழுதியிருக்கிறது ஆகிய மூன்றும் தெரிந்திருந்தன. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் இன்னும் மென்பொருளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருப்பார்.

நான் இந்தத் துறைக்கு வந்தது ரேடியோ பக்கத்திலிருந்து. கோவையில் இ.சி.இ. முடித்து, எம்.இ. முடித்து, 2000-இல் மாதம் 6,500 ரூபாய்க்கு விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அடுத்த வருடமே வை-ஃபையின் அப்போதைய பூட்டான ‘வெப்’ (WEP) பெயர்ந்து விழுந்தது. ஃபுளூரர், மான்டின், ஷமிர் மூவரும் அதன் அடித்தளத்திலிருந்த ஓட்டையைக் காட்டினார்கள். அப்போது எங்கள் கல்லூரியில் வை-ஃபையே கிடையாது. ஊரில் இல்லாத பூட்டை உடைத்த கதையை நான் மூச்சு வாங்க வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சு தூங்கியது.

2005-இல் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். தலைப்பு, ரேடியோ பேச்சை இரைச்சலால் மறிக்கும் ஜாமர்களைக் கண்டுபிடிப்பது. அந்த வருடம் வென்யுவான் ஷூ என்ற ஆராய்ச்சி மாணவியும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. சாரம் எளிது. தொலைவாக இருப்பவர் பேசுவது கேட்காது, அது இயல்பு. ஆனால் ஒருவர் குரல் கணீரென்று காதில் விழுகிறது, சொல்வது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்றால் நடுவில் யாரோ தகரத்தைத் தட்டுகிறார்கள். சிக்னல் வலுவாக இருந்தும் பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) வந்து சேரவில்லை என்றால் ஜாமரைச் சந்தேகி. அந்தக் கட்டுரையைப் பதினைந்து தடவையாவது படித்திருப்பேன். வென்யுவான் ஷூ பின்னர் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கார் டயர்களின் காற்றழுத்த சென்சார்கள் வயர்லெஸில் எதையும் மறைக்காமல் பேசுவதை 2010-இல் காட்டிய குழுவில் அவர் இருந்தார். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியால் செல்போனின் குரல் உதவியாளருக்குக் கட்டளையிட முடியும் என்று 2017-இல் காட்டியதும் அவர் குழுதான். நேரில் பார்த்ததில்லை. ஆனால் இந்தத் துறையில் யாரைப்போல ஆக வேண்டும் என்று யாராவது கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

என் சொந்த ஆராய்ச்சியின் முதல் வெற்றி ஒரு விபத்து. அளவெடுத்து ரேடியோவில் அனுப்பும் மூன்று சென்சார் நோடுகளையும், அவற்றைக் கெடுக்க நானே நிரல் எழுதிய நான்காவது நோடையும் மேசையில் வைத்து ஓட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்குக் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வந்திருந்தது. அப்போது வை-ஃபை வந்திருந்த ஒரே இடம் முதல்வர் அறை, அது என் ஆய்வகத்துக்கு நேர் மேலே. இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. முதல்வர் குழுவுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டிய நேரத்தில் அவர் மடிக்கணினிக்கு இணைப்பு வரவேயில்லை. விஷயம் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகச் செய்யக் கற்றேன். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ரேடியோக்களைக் கோஆக்சியல் கேபிளால் இணைத்து, நடுவில் சிக்னலை மட்டுப்படுத்தும் அட்டெனுவேட்டர்களைப் போட்டு, அலை வெளியே கசியாமல் சோதிக்க வேண்டும். முப்பது டெசிபெல் அட்டெனுவேட்டர் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் அந்தப் பக்கம் போகும். ‘தூரம்’ என்பதை மேசைமேலேயே உண்டாக்கிக்கொள்ளலாம். ஜாமரை அனுமதியின்றி வைத்திருப்பது நம் நாட்டில் சட்டவிரோதம் என்பதையும், உரிமம் வேண்டாத அலைவரிசைகள் எவை என்பதையும் நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை, அன்று வாங்கிய திட்டுக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். தங்கள் கட்டுரையில் ‘எத்திக்கல் ஹேக்கிங்’ என்று ஐந்து இடத்தில் இருக்கிறது. ‘சட்டம்’ ஓரிடத்திலும் இல்லை.

பிஎச்.டி. முடியப்போகும் நேரத்தில், 2010 ஜூனில், ஸ்டக்ஸ்நெட் வெளியே தெரிந்தது. ஈரானின் நதான்ஸ் யுரேனிய ஆலையில் மையவிலக்கு இயந்திரங்களைக் குறிவைத்த நிரல். அதைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது, எனக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். அது இயந்திரத்தைக் கெடுப்பதற்கு முன், ஒழுங்காக ஓடும்போதைய அளவீடுகளை 21 விநாடிக்குப் பதிவு செய்துகொண்டது. பிறகு அந்த 21 விநாடியையே கட்டுப்பாட்டு அமைப்புக்குத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டியது. உள்ளே இயந்திரம் சித்திரவதைப்படுகிறது, திரையில் எல்லாம் அமைதி.

இதைப் படித்த அன்று எனக்கு அப்பாவும் அந்த அசையாத முள்ளும்தான் ஞாபகம் வந்தது. இதற்கு மருந்து என்ன என்று தேடிப் போனால், ஸ்டக்ஸ்நெட் வெளிவருவதற்கு ஒரு வருடம் முன்பே, 2009-இல், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் யிலின் மோ, புருனோ சினோபோலி இருவரும் ஒரு வழி எழுதியிருந்தார்கள். இயந்திரத்துக்குக் கொடுக்கும் கட்டளையோடு, யாருக்கும் முன்கூட்டித் தெரியாத ஒரு சிறு இரைச்சலைக் கலந்துவிடு. உண்மையான இயந்திரம் என்றால் அந்த இரைச்சலுக்கு ஏற்றபடி அளவீடும் கொஞ்சம் ஆடும். பழைய பதிவு என்றால் ஆடாது. கணிதமெல்லாம் போட்டு நிரூபித்திருந்தார்கள். நான் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதை விளக்கினேன். “வால்வை அரைச் சுத்து மூடித் தொறக்கறதுதானே” என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடினார்.

என் ஆராய்ச்சி அன்றிலிருந்து அந்தப் பக்கம் திரும்பியது. ரேடியோவில் வரும் செய்தியை மட்டும் பார்த்து உண்மையா பொய்யா என்று சொல்ல முடியாதபோது, தண்ணீரும் மின்சாரமும் இயற்பியலுக்குக் கட்டுப்பட்டவை, அவற்றைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். திரையில் ‘பம்ப் ஓடுகிறது, தண்ணீர் ஏறுகிறது’ என்று இருக்கிறது. ஆனால் மோட்டார் இழுக்கும் ஆம்ப்ஸ் குறைவாக இருக்கிறது. தண்ணீர் ஏற்றாமல் வெறுமனே சுற்றினால் அப்படி இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள எந்தச் செயற்கை நுண்ணறிவும் தேவையில்லை, மோட்டார் பற்றித் தெரிந்தால் போதும். மோட்டார் தெரியாத மாணவன் என்ன செய்வான்? நூறு அடுக்கு நரம்பு வலையைக் கட்டி, 99 சதவீதத் துல்லியம் என்று கட்டுரை எழுதுவான்.

அந்த மாதிரிக் கட்டுரைகளைத் தரம்பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி, அதனால் கொஞ்சம் புலம்ப அனுமதியுங்கள். சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் 2015-இல் ஒரு சிறு நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையே ஆராய்ச்சிக்கென்று கட்டினார்கள். ஆறு கட்டங்கள், நிமிடத்துக்கு 5 கேலன் தண்ணீர். நிஜ பம்ப், நிஜ வால்வு, நிஜக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள். அதை 11 நாள் இடைவிடாமல் ஓட்டி, முதல் 7 நாள் சும்மாவும் கடைசி 4 நாள் 36 தாக்குதல்களோடும், 51 சென்சார்-இயக்கிகளின் அளவீடுகளைப் பதிவு செய்து, கேட்கும் ஆராய்ச்சியாளர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். மிகப் பெரிய உபகாரம். ஆனால் என்ன ஆயிற்று? நான் தரம்பார்க்க வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் அந்த 11 நாள் தண்ணீரையே திரும்பத் திரும்பக் குடிக்கின்றன. எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு வால்வைக் கையால் திருகியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஒரு கட்டுரையில், தொட்டியின் நீர்மட்டம் ஒரு விநாடியில் அரை மீட்டர் ஏறியதை ‘இயல்பு’ என்று அவர் கட்டிய கணித மாதிரி சொல்கிறது, எழுதியவர் அதைப் பெருமையாக வரைபடமாகவும் போட்டிருந்தார். அத்தனை தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினேன்.

நம் மத்திய அரசும் இதற்குப் பணம் ஒதுக்காமல் இல்லை. சைபர்-பிசிகல் அமைப்புகளுக்கான தேசியத் திட்டத்துக்கு 2018 டிசம்பரில் 3,660 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. நாடெங்கும் ஐ.ஐ.டி. போன்ற உயர்நிறுவனங்களில் 25 மையங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் ஒன்று உண்டு, கான்பூர் ஐ.ஐ.டி.யில் சைபர் பாதுகாப்புக்கென்றே ஒன்று. நல்ல வேலை செய்கிறார்கள். எங்களைப் போன்ற கல்லூரிக்கு அதிலிருந்து வந்தது இரண்டு நாள் பயிற்சிப் பட்டறையும் ஒரு சான்றிதழும்.

ஆனாலும் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, ஐ.ஐ.டி.க்கு இல்லாதது. கல்லூரி மதில் தாண்டினால் தோப்பு. தோப்புக்கு ஒரு மோட்டார். மோட்டாருக்கு ஒரு மொபைல் ஸ்டார்ட்டர்.

தெரியாதவர்களுக்கு: சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி. விவசாயி வீட்டிலிருந்தே போன் அடித்தால் தோப்பில் மோட்டார் ஓடும். மின்சாரம் எந்நேரம் வரும் என்று தெரியாத ஊரில், நடுராத்திரியில் பாம்புக்குப் பயந்துகொண்டு டார்ச்சோடு போக வேண்டியதில்லை. அருமையான பொருள். சில வருடம் முன்பு ஒரு பெரியவர் வந்தார். “டீச்சரம்மா, மோட்டார் தானா ஓடுதுங்க. பூசாரிய கூட்டியாந்து பாத்தாச்சு” என்றார். பூசாரிக்கு அடுத்து நான்.

பெட்டியை வாங்கி வந்து ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தோம். அது அழைக்கும் எண்ணை மட்டும் பார்த்து நம்பியது. மருச்சியின் ‘நான் 14’ எங்கள் தோப்பில் ‘நான் 98...’ என்று வந்திருந்தது. அதைவிட மோசம், எஸ்.எம்.எஸ். வழியாக அமைப்பை மாற்றும் ரகசிய எண் ஆலையில் போட்ட நான்கு இலக்கத்திலேயே இருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெட்டியிலும் அதே எண். விசாரித்ததில் கடையில் விற்ற எல்லாப் பெட்டியிலும் அதே எண். பெரியவரின் மோட்டாரை ஓட்டியது சதிகாரன் ஒன்றும் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் தன் பெட்டிக்கு அனுப்ப வேண்டிய எஸ்.எம்.எஸ்.ஸை, ஓர் இலக்கம் தவறி இவர் எண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

இதைத் தயாரித்தவர்களுக்கு எழுதினேன். இந்தத் துறையில் ஒரு மரபு உண்டு: ஓட்டையைக் கண்டால் முதலில் தயாரிப்பாளருக்கு மட்டும் சொல், சரிசெய்ய அவகாசம் கொடு, பொதுவாக 90 நாள், அதன் பிறகே வெளியே பேசு. நானும் அப்படியே செய்தேன். இருபதாவது நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது, எங்கள் பொருளை அனுமதியின்றிப் பிரித்ததாக. கல்லூரி நிர்வாகம் பயந்துபோய் அந்த ஆய்வை நிறுத்தச் சொன்னது. எட்டு மாதம் கழித்துச் சந்தைக்கு வந்த புதிய பெட்டியில், முதல் தடவை போடும்போதே ரகசிய எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்டது. நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. பெயர் சொல்லமாட்டேன், பெட்டி இப்போது நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணன் கேட்டது மகளின் வருங்காலத்தைப் பற்றி. அதனால் காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தகுதித் தேர்வு எழுதி ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தால் 2023 முதல் மாத உதவித்தொகை 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. ஐந்தாறு வருடம் போகும். தங்கள் பட்டியலில் இருக்கும் மூன்றாம் ஆண்டுச் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டால் சிரிப்பு வரும். கட்டுரைகள் திரும்பி வரும். என்னுடைய ஒன்று நான்கு இடத்தில் திரும்பி, ஐந்தாவது இடத்தில் ஏறியது. அதற்குள் அந்தச் சிப்பே சந்தையில் இல்லை. உபகரணமோ, நல்ல மென்பொருள்-ரேடியோ (நிரலால் அலைவரிசை மாற்றிக்கொள்ளும் ரேடியோ) ஒன்று லட்சங்களில். நாங்கள் மூவாயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு வரும் டி.வி. டியூனர் டாங்கிளை வைத்துக் கேட்கிறோம். அது கேட்கும், பேசாது. மாணவர்களுக்கு அதுவும் நல்லதுதான். முதல் வருடம் முழுவதும் வாயை மூடிக்கொண்டு அலையைக் கேட்கப் பழகுகிறார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று இருபது வருடம் ஓட்டினாய் என்று கேட்டால், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் இருந்த மாத்தி வான்ஹூஃப் சொன்ன கதையைத்தான் சொல்வேன். அவர் ஒரு கட்டுரையின் கடைசித் திருத்தத்தை முடிக்க வேண்டும். முடிக்கச் சோம்பல். அடுத்த பத்தியை எழுதாமல் தப்பிப்பதற்காக, ஏற்கெனவே நூறு தடவை படித்த ஒரு நிரலை மறுபடி வெறித்துக்கொண்டிருந்தார். வை-ஃபை தகவலைப் பூட்டும் ரகசியச் சாவியைப் பொருத்தும் ஒரு வரி. ‘இது இரண்டு தடவை நடந்தால் என்ன ஆகும்?’ என்று ஒரு கேள்வி எழுந்தது. 2004 முதல் உலகமே பாதுகாப்பானது என்று நம்பி, கணித நிரூபணமும் கொடுத்து வைத்திருந்த வை-ஃபை பூட்டின் ஓட்டை அங்கேதான் இருந்தது. 2017 அக்டோபரில் அதை வெளியிட்டபோது உலகில் இருந்த கிட்டத்தட்ட எல்லா போன்களும் மடிக்கணினிகளும் திருத்தம் போட வேண்டியதாயிற்று. அந்தச் சோம்பல் வேளைக்கு எந்தக் கம்பெனியிலும் சம்பளம் தரமாட்டார்கள்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு அண்ணனிடம் வருகிறேன். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களுக்குள் புகுந்தவர்கள், ஊழியர்கள் கண்ணெதிரேயே திரையில் சுட்டியைத் தொலைவிலிருந்தே நகர்த்தி, துணைமின் நிலையங்களின் பிரேக்கர்களைத் திறந்து கரன்ட்டைத் துண்டித்தார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்குக் கரன்ட் போயிற்று. சில மணி நேரத்தில் திரும்பி வந்தது எப்படி? எந்த நிரலாலும் இல்லை. ஆட்கள் பனியில் வண்டி எடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்குப் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டார்கள். கையால் போடத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் வேலையில் இருந்தார்கள். இந்தச் செய்தியை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. அன்று மட்டும் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார்.

2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையக் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது எங்கள் தெருவே என்னிடம் வந்தது. முதல் நாள் நிலையத்தார் தாக்குதலுக்கே வாய்ப்பில்லை என்றார்கள். அக்டோபர் 30 அன்று, நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் இருந்தது உண்மை, அணுஉலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனி, அதற்குத் தொடர்பில்லை என்றார்கள். ‘தனி’ என்றால் என்ன, எதனால் தனி, யார் அதைச் சோதிப்பது என்று விளக்க அன்று தமிழ்ப் பத்திரிகைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு பத்திரிகைகள் அணுஉலையையே யாரோ இயக்கிவிட்டதுபோல் தலைப்புப் போட்டன. தங்களுடையது அதில் இல்லை என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

அண்ணனிடம் நான் சொன்னது இது. பெண்ணுக்கு இ.சி.இ. கிடைத்தால் சேருங்கள், இ.இ.இ. கிடைத்தாலும் சரி. டொனேஷன் வேண்டாம். நிரல் எழுதுவதை அவள் எந்தத் துறையில் இருந்தும் கற்றுக்கொள்வாள்; இன்றைய பிள்ளைகள் போனிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அலையையும் மோட்டாரையும் பிறகு கற்றுக்கொள்வது கடினம். இருபத்தைந்து வயதில் மின்சாரத்தைத் தொடப் பயம் வந்துவிடும். சைபர் பாதுகாப்பு என்று தனியாகப் பெயர் போட்ட பட்டம் தப்பு என்று சொல்லவில்லை. வங்கி, இணையதளம் இவற்றைக் காக்க அவர்கள் வேண்டும். தண்ணீர்த் தொட்டியையும் டிரான்ஸ்பார்மரையும் காக்க வருபவருக்கு அது போதாது. தங்கள் கட்டுரை இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேர்ந்தது. அடுத்த இணைப்பில் ஒரு பத்தி திருத்தம் வந்தால், கவுன்சிலிங் முடிவதற்குள் வந்தால், சில வீடுகளுக்கு உதவும்.

அண்ணன் முழுக்க நம்பினாரா என்று தெரியவில்லை. பெண் மட்டும், “மிஸ், அந்த மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பாக்கலாங்களா?” என்று கேட்டாள். நோட்டீஸ் வந்த பெட்டி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. திறந்து கொடுத்தேன்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை இதே விஷயத்துக்குப் படம் போடும்போது அந்த முகமூடிப் பையனை விட்டுவிடுங்கள். படத்துக்குத் தட்டுப்பாடு என்றால் நான் அனுப்புகிறேன். எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் ரூம். கதவில் பூட்டு இருக்கிறது, சாவி பக்கத்து ஜன்னல் விளிம்பிலேயே தொங்குகிறது, கூரைமேல் புதிதாக ஒரு ஆன்டெனா.

இப்படிக்கு,
மின்னணுவியல் துறைப் பேராசிரியை ஒருவர்,
பொள்ளாச்சி.

(கல்லூரி நிர்வாகத்தை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)